தக்காளி வேர் ஒரு சாணுக்குக் கீழே இறங்கவில்லை. மண் காரணமா, மழை காரணமா?

செம்மண்காரி, சர்ஜாபூர் ரோடு:
வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் உரிமையாளரிடம் கேட்டு ரெண்டு வருஷமாகக் காய்கறி போடுகிறேன். போன அக்டோபரில் நாலு நாள் விடாத மழை, பாத்தியில் தண்ணீர் நின்றது, அந்தத் தண்ணீரில் நின்றபடியே தக்காளி வாடித் தலை தொங்கியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒரு சாண் இறங்கி, அப்புறம் வளைந்த ஆணி மாதிரி பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. நுனி தடித்து மழுங்கிப்போயிருந்தது, நூற்புழு தாக்கினால் வேரில் வரும் முடிச்சு எதுவும் இல்லை. உரக்கடையில் கேட்டால் இன்னொரு மூட்டையைத்தான் நீட்டுகிறார்கள்.

ராகிக்காடு, ஆனேக்கல்:
உரம் வேண்டாம் அக்கா. நுனி தடித்திருந்தால் கீழே மண் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். வீடு கட்டும்போது அந்த மனையில் லாரி, ஜேசிபி நின்றதா? உள்ளே நுழையும் வேரை மண் எதிர்க்கும் அழுத்தம் 2 மெகாபாஸ்கலைத் (அழுத்தத்தை அளக்கும் அலகு) தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் அநேகமாக நின்றே போகும். நம்ம செம்மண் ஈரத்தில் வெண்ணெய், காய்ந்தால் செங்கல், அதனால் காய்ந்த நாளில் சோதித்தால் எல்லா இடமும் ஒரே மாதிரிதான் தெரியும். நல்ல மழை விட்டு ரெண்டு நாள் கழித்து ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

மாடியும் மண்ணும், ஜெயநகர்:
தண்ணீரில் நின்று வாடியதற்குக் காரணம் மூச்சு. வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும், அது காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண் துளை முழுக்கத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளிலேயே வேர் திணறி, சுற்றிலும் தண்ணீர் இருந்தும் உறிஞ்ச முடியாமல் போகிறது. மழையை மட்டும் குறை சொல்ல மாட்டேன், இறுகிய அடுக்குதான் அந்தத் தண்ணீரை இறங்கவிடாமல் பிடித்துவைத்தது. அதே செடி பிப்ரவரி வெயிலிலும் முதலில் வாடும், ஏனென்றால் மேல் ஒரு சாண் காய்ந்ததும் அதற்குக் கீழே இருக்கும் ஈரத்துக்கு வேர் போகவே இல்லை.

ராகிக்காடு:
சரியாகச் சொன்னீர்கள். அக்கா, ஈரத்தில் மட்டும் கொத்திவிடாதீர்கள், மிதித்த இடமெல்லாம் இன்னும் இறுகும். ஒரு பிடி மண்ணை உருட்டிக் கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும், அதுதான் பதம். கடப்பாரையால் ஒன்றரை அடிக்கு நெம்பி விடுங்கள், மண்ணைப் புரட்ட வேண்டாம். ஜூனில் துவரை போடுங்கள், ஆழமாக இறங்கும் வேர். அறுவடைக்கு அப்புறம் பிடுங்காமல் அடியோடு வெட்டினால், மக்கிய வேரின் ஓட்டை வழியாக அடுத்த பயிரின் வேர் இறங்கும். அதுவரை தக்காளியை மேட்டுப்பாத்தியில் நடுங்கள், மேலே சருகு போடுங்கள், மழைத்துளி அடித்து மேல்மண் ஓடு கட்டாது.

செம்மண்காரி:
நேற்று முன்தினம் கோடை மழை, இன்று காலை கம்பியைச் செருகினேன். வடக்குப் பக்கம் எங்கே குத்தினாலும் ஒரு சாணில் நின்றது, தோண்டினால் ஜல்லியும் சிமெண்டுக் கட்டியும். தெற்கு மூலையில் என் முழங்கை அளவுக்கு இறங்கியது. போன வருஷம் மொச்சை அந்த மூலையில்தான் வேலி தாண்டிப் படர்ந்தது, நான் விதையைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். தக்காளி தெற்கே போகிறது, வடக்கு முழுக்கத் துவரை. ஜல்லியைப் பொறுக்க ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூப்பிடப்போகிறேன்.