தரம் 1க்கு இடமில்லை எண்டு மேன்முறையீட்டுக்குப் போன வன்னி ஆக்கள், உங்கட அனுபவத்தை எழுதுங்கோ

குளக்கட்டடி

தெரிவானவையின்ர தற்காலிகப் பட்டியல்ல மகளின்ர பேர் இல்லை. வதிவிடப் பிரிவிலதான் போட்டனாங்கள். உறுதி, கரண்ட் பில், அஞ்சு வருச வாக்காளர் இடாப்பு எல்லாம் சரி. கிட்டப் பள்ளிக்கூடத்துக்குத்தான் புள்ளி வெட்டினவை. தெரியும்தானே, வரைபடத்தில வட்டம் கீறி, நாங்கள் கேட்ட பள்ளியை விடக் கிட்டவா ஆரம்பப் பிரிவுள்ள பள்ளி இருந்தா ஒவ்வொண்டுக்கும் குறைப்பினம்.

நேர்முகத்தில இருந்த சேர் கவராயத்தை எங்கட வீட்டில குத்திச் சுத்தினார். பென்சில் குளத்துக்கு மேலால போச்சு. தண்ணிக்கு மேலால! அக்கரைப் பள்ளிக்கூடம் வட்டத்துக்குள்ள வந்திட்டுது. "சேர், அது குளம். மாரிக்குக் குளம் நிரம்பி வான் பாஞ்சா கட்டால சுத்திப் போற றோட்டும் தண்ணிக்குள்ள" எண்டன். அவர் நிமிர்ந்தே பாக்கேல்ல. "நேர்கோட்டுத் தூரம்தான் அம்மா கணக்கு" எண்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆறு, களப்பு, சதுப்பு மாதிரி இயற்கைத் தடை இருந்தா அந்தப் பள்ளிக்குப் புள்ளி வெட்டக் கூடாதெண்டு அவையின்ர சுற்றறிக்கையிலயே இருக்கு. அதைக் காட்டித்தான் மேன்முறையீடு எழுதினது. கிராம அலுவலர் விதானையாரின்ர கடிதம், கமக்கார அமைப்பின்ர கடிதம், வான் பாயேக்க எடுத்த படம் எல்லாம் வைச்சுக் குடுத்தம். அங்க வேற ஆக்கள் இருந்தவை, வாசிச்சவை. இடம் கிடைச்சுது. அப்ப முதலாவது ஆள் ஏன் ஒருக்காத் தலை நிமிர்ந்து கேக்கேல்ல?

முல்லைத்தீவுப் பக்கம்

அக்கா, உங்களிட்ட உறுதியெண்டாலும் இருந்தது. நாங்கள் மெனிக் பாம் அகதி முகாமில இருந்து 2011இல ஊருக்கு வந்தனாங்கள். அடுத்த வருசம் மகனுக்கு விண்ணப்பம். அஞ்சு வருச இடாப்புக் கேட்டா நான் எங்க போறது? அந்த அஞ்சு வருசத்துக்குள்ள நாங்கள் இருந்த தறப்பாள் கொட்டிலுக்கெல்லாம் ஆர் வாக்காளர் பதியிற பீ.சீ. படிவம் கொண்டுவந்து தந்தது?

இருந்தது அப்பான்ர பேரில காணிப் பேர்மிற் மட்டும். சொப்பிங் பையில சுத்தி இடுப்பில செருகிக்கொண்டு அம்மா கடைசிச் சண்டைக்குள்ள மாத்தளன் வரைக்கும் கொண்டு வந்தவ. மடிப்பில மை ஊறி, நம்பர் அரைவாசி அழிஞ்சு போச்சு. மேன்முறையீட்டுச் சபையில ஒராள் அதை ரெண்டு விரலால நுனியில பிடிச்சுத் தூக்கி, "இதில என்னத்தை வாசிக்கிறது?" எண்டு பக்கத்து ஆளுக்குக் காட்டினார். அம்மா எனக்குப் பக்கத்தில இருந்தவ.

இடம் தரேல்ல. மகன் இப்ப ஏ.எல். படிக்கிறான், கெட்டிக்காரன். அது வேற. அந்த ரெண்டு விரலை நான் மறக்கமாட்டன்.

ஓய்வுபெற்ற அதிபர்

தம்பி, உங்கள் தாயாருக்கு நடந்தது பிழை. ஆனால் சபையில் இருப்பவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வதிவிடத்துக்கு நூற்றுக்கு 50, பழைய மாணவர் பிள்ளைகளுக்கு 25, சகோதரருக்கு 15 என்று பிரித்த பிறகு கையில் மிஞ்சுவது கொஞ்சம். எல்லோரும் ஒரே வாசலில் நின்றால் யாரோ திரும்பத்தான் வேண்டும்.

நான் சிறிய பாடசாலை ஒன்றின் அதிபராக இருந்தேன். டவுனில் மேன்முறையீடும் தோற்ற ஒரு தாய், பிள்ளையைக் கையில் பிடித்தபடி எங்கள் கேற்றுக்கு வெளியே நின்றார். "உள்ளே வாங்கோ பிள்ளை" என்றேன். வரவில்லை. கேற்றடியில் நின்றே எங்கள் கட்டடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுறன் சேர்" என்று போய்விட்டார். தரம் 1இல் எனக்குக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. கட்டாயம் படிப்பிக்கக்கூடிய ஆசிரியை இருந்தார். அதையும் எழுத வேண்டும் போலிருந்தது.

முல்லைத்தீவுப் பக்கம்

சேர், நான் டவுனைக் கேக்கேல்ல. நடந்து போற தூரத்தில இருந்ததைத்தான் கேட்டனான். கிடைச்சது அதை விடத் தூரம்.

மல்லாவி

அக்கான்ர பிள்ளைக்குக் கடிதம் பிந்திப் போனதால ஏற்கேல்ல. சுருக்கமா என்ர கதை அவ்வளவுதான். ஆனா ஆக்கள் இதைக் கவனிக்கோணும்.

தற்காலிகப் பட்டியலோட போடுற அறிவித்தல்ல முடிவுத் திகதி இருக்கும், அதைப் படம் எடுங்கோ. அதிபருக்குப் பதிவுத் தபால்லதான் அனுப்போணும், துண்டைப் பத்திரமா வையுங்கோ. "தயவு செய்து பரிசீலிக்கவும்" எண்டு எழுதிப் பிரயோசனம் இல்லை. எந்தத் தலைப்பில எத்தனை புள்ளி போட்டவை, அது எத்தனையா இருக்கோணும், ஏன், அதை எழுதுங்கோ. புள்ளி விபரம் தரமாட்டம் எண்டா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில கேளுங்கோ. 14 வேலை நாளுக்குள்ள தருவமா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும்.

பாகுபாடு எண்டு நினைச்சா மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர வவுனியா அலுவலகம் இருக்கு. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போடுறதெண்டா அரசியலமைப்பின்ர 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள்ள ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்திட்டா, விசாரணை நடக்கிற காலத்தைக் கணக்கில எடுக்க மாட்டினம். அது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தில 13ஆம் பிரிவு. லோயரைப் பிடிக்க முதல் இதைச் செய்யுங்கோ.

அதிபர் சேருக்கும் ஒண்டு. வெறுங் கதிரையைச் சொல்லுறியள், பஸ் எத்தினை மணிக்கு வருது எண்டு சொல்லேல்ல.

நெடுங்கேணி அம்மா

குளக்கட்டடி அக்கா, எங்களுக்கும் அதே வட்டம்தான். இடையில குளம் இல்லை, ஒதுக்குக் காடு. யானை நிக்கிற றோட். அதுக்கும் அந்த இயற்கைத் தடை விதி சரிவருமோ? முடிவுத் திகதி கிட்டுது.

குளக்கட்டடி

சரிவரும் தங்கச்சி, காட்டையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கு. யானை வந்து போனதுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தில ஆரும் முறைப்பாடு குடுத்திருந்தா அந்தக் கொப்பியையும் வையுங்கோ. விதானையாரிட்ட நாளைக்குக் காலமையே போங்கோ, புதன்கிழமையில அவை பிரதேச செயலகத்துக்குப் போயிடுவினம்.