மன்னாரில வாயு இருக்கு, எங்கட யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லுக்குக் கீழ?

புவிச்சரிதவியல் படிச்ச ஆக்கள் ஆராவது உதவுங்கோ. ரியூசனில ஏ/எல் பெடியளுக்குப் பெற்றோலியம் படிப்பிக்கிறன். கடலடிச் சேத்தில ஒட்சிசன் இல்லாமல் புதைஞ்ச மிதவை உயிரியள் கெரோஜன் எண்ட திண்மக் கரிமப் பொருளாகி, ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியசில எண்ணெயாகும், அதுக்கு மேல சூடேறினால் வாயுதான் எண்டதுவரை விளங்கப்படுத்தியாச்சு. (எண்ணெய் டைனோசரில இருந்து வந்தது எண்ட கதையை அவங்கட தலையில இருந்து கழட்டத்தான் பெரும்பாடு.)

2011இல மன்னார்க் கடலில வாயு கண்டுபிடிச்சவை. “எங்கட மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் இவ்வளவு தண்ணியைத் தேக்குது, எண்ணெயைத் தேக்காதோ சேர்?” எண்டு ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. எண்ணெய் மேல தப்பாமல் மறிக்கிற மூடுபாறை இல்லை, கீழ கெரோஜனைச் சூடாக்கி எண்ணெயாக்கிற அளவுக்கு ஆழமும் காணாது எண்டன். சரியோ? யாழ்ப்பாணத்துக்குக் கீழ் உள்ள படைகளின்ர குறுக்குவெட்டுப் படம், தமிழில எண்டால் இன்னும் நல்லம், இருந்தால் போட்டு விடுங்கோ.