ஊர்ப்பக்கக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல்: ஆய்வுக்குள் நுழைய வழி எது?

கேள்வி – செட்டிநாட்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் பெரிய கருவி என்று சொல்ல ஒரு நிறமாலைமானி மட்டுமே உண்டு. அதுவும் விளக்கு எரிந்துபோய் இரண்டு பருவங்களாக உறைபோட்டுக் கிடக்கிறது. ஆனால் நான் வரும் பேருந்து தினமும் சிக்ரி வாசலைக் கடந்துதான் வருகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்து, 1953-இல் திறக்கப்பட்ட அந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்குள் எங்கள் வகுப்பில் ஒருவர்கூடக் காலடி வைத்ததில்லை. ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வான நெட்டைத் தவிர எதையும் நினைக்காதே என்கிறார் என் அண்ணன். சீனியர்களோ நான்காம் பருவத் திட்டப்பணியை ஏதோ ஒரு புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, பைண்டிங் செய்த நூலாகவே வாங்கி வருகிறார்கள். எனக்கு ஆய்வு செய்ய வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1 – மின்முனை

தங்கைக்கு வணக்கம். உங்களைப் போன்ற கல்லூரியிலிருந்து வந்து இப்போது முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். அந்த நூலை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நானும் ஒரு சென்டரில் முன்பணம் கட்டியவன்தான்; அவர்கள் காட்டிய எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் அளவீடு) வரைபடமே முந்தைய ஆண்டு வேறொருவரின் நூலிலும் இருந்ததைப் பார்த்த பிறகு, பணம் போனாலும் போகட்டும் என்று வெளியே வந்தேன்.

அதன் பிறகு ஓர் ஆய்வகத்தில் ஐந்து மாதம் திட்டப்பணி செய்தேன். முதல் பத்து நாளும் ஒரே வேலை: கிளாஸி கார்பன் என்ற கண்ணாடி போன்ற கரியாலான மின்முனையை 0.05 மைக்ரான் அலுமினாப் பொடி தூவிய ஈரத்துணியில் எட்டுப் போடுவதுபோல் தேய்த்து, கழுவி, பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலில் வோல்டமோகிராம், அதாவது மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்ற வரைபடம், எடுப்பது. அதிலுள்ள இரு முகடுகளுக்கும் இடைவெளி கோட்பாட்டின்படி 59 மில்லிவோல்ட் அளவில் இருக்க வேண்டும். எனக்கு 180 வந்தது. தேய்த்தது போதவில்லை என்று சீனியர் அக்கா திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். அது 75-க்கு இறங்கிய அன்றுதான், மின்முனையின் பரப்பு என்று பாடநூலில் படித்த சொல்லுக்குப் பொருள் விளங்கியது. நேர்காணலில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டதும் இதைப் பற்றித்தான்.

மின்வேதியியலைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வசதி உண்டு. மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பொட்டென்ஷியோஸ்டாட்டும் மூன்று மின்முனைகளும் இருந்தால் மின்கலம், உணரி (சென்சார்), அரிமானம் (உலோகம் துருப்பிடித்தல்) என்று பல பக்கம் போகலாம். அரிமானம் என்றால் மண்டபத்தில் சிக்ரிக்கு ஒரு நிலையமே இருக்கிறது. அங்கே உப்புக்காற்றுக்குப் பஞ்சமில்லை.

பதில் 2 – நெட்டுக்கு ஆதரவாக

மேலே சொன்னது அழகாக இருக்கிறது. ஆனால் அண்ணன் சொல்வதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டாம். கல்லூரி ஆசிரியராக நான் பார்த்தவரை, உதவித்தொகை இல்லாமல் முனைவர் பட்டத்தில் சேர்ந்தவர்களில் பலர் வீட்டுக் கஷ்டத்தால் பாதியில் நின்றிருக்கிறார்கள். நெட் தேர்வில் முன்னிலை பெறுவோருக்கான ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் கிடைக்கும். கையில் அந்தத் தொகையோடு வரும் மாணவரை எந்த வழிகாட்டியும் மறுமுறை யோசித்துத்தான் திருப்பி அனுப்புவார்.

வேதியியல் நெட் தேர்வின் அமைப்பையும் பாருங்கள். மொத்தம் 200 மதிப்பெண்ணில் சரிபாதி மூன்றாம் பகுதியில் இருக்கிறது: 60 வினாக்களில் 25-க்கு விடையளித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண். அங்கே மனப்பாடம் செல்லாது. ஆகவே முதலாண்டிலேயே தொடங்குவது நல்லது. ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் மேற்படிப்புச் சேர்க்கைக்கு உதவும் கேட் தேர்வையும் சேர்த்து எழுதுங்கள். அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

பதில் 3 – ஓய்வுபெற்ற பேராசிரியர்

அம்மா, இருவரும் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்களுக்கு இன்னும் ஒரு கோடை விடுமுறை கைவசம் இருக்கிறது; அதை யாரும் குறிப்பிடவில்லை. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்குகின்றன. தேர்வானவர்கள் இரண்டு மாதம் ஓர் அறிவியலாளரின் ஆய்வகத்தில் பணியாற்றலாம். உதவித்தொகையோடு ரயில் கட்டணமும் தருகிறார்கள். இதற்கு ஆசிரியரின் பரிந்துரையும், என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்ற சிறு குறிப்பும் தேவை. பெரும்பாலோர் கோட்டைவிடுவது அந்தக் குறிப்பில்தான்.

கல்லூரியில் கருவி இல்லை என்பதும் முழுத் தடையாகாது. நீங்கள் தயாரித்த சேர்மத்தைச் வெளியாருக்கும் அளவீடு செய்து தரும் கருவி மையங்களான சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் மையத்துக்கோ கொச்சியில் உள்ள எஸ்.டி.ஐ.சி.க்கோ கூரியரில் அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். உள்ளிட்ட அளவீடுகளை எடுத்துத் தருகிறார்கள். கல்லூரியின் பெயரில் கடிதம் இணைக்க வேண்டியிருக்கும்.

திட்டப்பணிக்காகச் சிக்ரிக்கு எழுதுவதாயின், ஒரே மின்னஞ்சலை இருபது பேருக்கு அனுப்பாதீர்கள். ஒருவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத இடம் எது என்று இரண்டு வரி எழுதுங்கள். திட்ட மாணவர்களிடம் கட்டணம் வாங்குவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பின் தெரிந்தால் சங்கடம்.

செட்டிநாட்டு மாணவி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு கடிதம் எழுதிப் பார்த்தேன். முதல் வரி இது: ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலின்கீழ் எந்தத் தலைப்பிலும் பணியாற்ற ஆயத்தமாக இருக்கிறேன்.’ சரியாக இருக்கிறதா?

ஓய்வுபெற்ற பேராசிரியர்

‘எந்தத் தலைப்பிலும்’ என்பதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், நீங்கள் படித்த கட்டுரையின் தலைப்பு வரட்டும். ‘மேலான’ என்பதும் வேண்டாம்.