நம் ஊர்க் கும்பல்களையும் சிசிலி மாபியாவையும் ஒரே மேடையில் பேசலாமா?

கேள்வி: சிப்புட் வாசகி

வணக்கம். பேராக்கின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் இளைஞர் பகுதியினர் நடத்தவிருக்கும் கூட்டத்தில் குண்டர் கும்பல்களின் வரலாறு பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்க வருபவர்கள் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும்தான். அறிவுரைகளைப் பள்ளியிலும் போலீஸ் நடத்தும் முகாம்களிலும் அவர்கள் வேண்டிய அளவு கேட்டாகிவிட்டது. ஆகவே இந்த அமைப்புகள் எங்கே முளைத்தன, எப்படிப் பணம் சேர்க்கின்றன, எல்லை தாண்டி எப்படிப் பரவுகின்றன என்பவற்றை மட்டும் சொல்ல நினைக்கிறேன்.

தகவல் திரட்டத் தொடங்கியதுமே ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "சீனர்களிடமிருந்து நம் பையன்களுக்கு ஒட்டிக்கொண்ட நோய் இது" என்கிறார் என் மாமா. பக்கத்து வீட்டு ஆசிரியரோ சினிமாவின் மேல் பழியைப் போடுகிறார். மலேசிய உள்துறை அமைச்சு 2013-இல் 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றின் ஏறத்தாழ 40,000 உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்று சொல்லப்பட்டதை எல்லாரும் எடுத்துக் காட்டுகிறார்கள். நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். இதைப் பெற்றோர் முன்னிலையில் எப்படி விளக்குவது? இத்தாலியில் நடந்ததோடு நம் தோட்டப்புறத்தை ஒப்பிடுவது பொருந்துமா?

மறுமொழி 1: பழைய கிராணி, தைப்பிங்

வணக்கம் அம்மா. இத்தாலிக்குப் போவதற்கு முன் கோலகங்சாரைத் தாண்டி எங்கள் ஊருக்கு வாருங்கள். உங்கள் பேச்சுக்கு வேண்டிய முதல் பாடம் லாருட் ஈயச் சுரங்கங்களில் இருக்கிறது.

கப்பல் கட்டணத்தைக் கடனாக வாங்கிக்கொண்டு தென்சீனாவிலிருந்து வந்திறங்கிய கூலிக்கு அந்தக் காலத்தில் போலீஸ், நீதிமன்றம், மருத்துவமனை எதுவும் கிடையாது. படுக்க இடம் கொடுத்தது, சண்டையைத் தீர்த்தது, செத்தால் அடக்கம் செய்தது எல்லாமே அவன் சேர்ந்திருந்த சங்கம்தான். கடனை அடைக்காமல் ஓடினால் பிடித்துக்கொண்டு வந்ததும் அதே சங்கம்தான். கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு பெரிய சங்கங்கள் 1861 முதல் 1874 வரை லாருட்டில் விட்டு விட்டுப் போரிட்டன. முதல் மோதல் சுரங்கத்திற்குப் போகும் வாய்க்கால் தண்ணீருக்காக வந்தது. அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் குத்தகை யார் கைக்குப் போகிறதோ அவர் கைக்கே கூலிகளின் சம்பளமும் திரும்பி வந்ததால், குத்தகை இல்லாமல் சுரங்கத்தில் மட்டும் பெரிய இலாபம் இல்லை என்பதை இரண்டு தரப்பும் அறிந்திருந்தன.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது போர் முடிந்த விதத்தை. 1874 ஜனவரி 20-ஆம் நாள் பங்கோரில் கவர்னர் ஆண்ட்ரூ கிளார்க் மலாய்ப் பிரமுகர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையைப் பள்ளிப் பாடநூலில் படித்திருப்பார்கள். அதே நாளில் சீனத் தலைவர்கள் ஆயுதங்களைக் களைவதாகத் தனியாக ஒரு பத்திரத்தில் கையொப்பமிட்டார்கள். மீறினால் 50,000 டாலர் தண்டம். ஹாய் சான் தலைவர் சுங் கெங் குவீ பிற்பாடு கப்பித்தான் (சீனச் சமூகத் தலைவர்) பட்டத்தோடு பேராக்கின் பெரும் செல்வந்தராக வாழ்ந்தார். பினாங்கு சர்ச் தெருவில் அவர் கட்டிய மாளிகை இன்று பெரானாக்கான் அருங்காட்சியகமாக இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். கும்பல் என்றாலே இருட்டுச் சந்தில் ஒளிந்திருப்பது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கும்.

உங்கள் மாமாவுக்கும் இங்கேயே பதில் உண்டு. 1867 ஆகஸ்டில் பினாங்கு பற்றியெரிந்தபோது கீ ஹின்னோடு வெள்ளைக்கொடிச் சங்கமும், எதிரணியில் இருந்த தோப்பேகோங் சங்கத்தோடு சிவப்புக்கொடிச் சங்கமும் கைகோத்திருந்தன. அந்தக் கொடிச் சங்கங்களில் இருந்தவர்கள் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும்தான். ஒரே துறைமுகத்தில், ஒரே தொழிலில் ஆரம்பத்திலேயே கூட்டாளிகளாக இருந்தவர்களைப் பற்றி, ஓர் இனத்திடமிருந்து இன்னோர் இனத்திற்கு ஒட்டிக்கொண்டது என்று சொல்வதற்கு இடமில்லை.

பிறகு 1889-இல் சங்கங்கள் சட்டம் வந்து, மறு ஆண்டு பெரிய சங்கங்கள் கலைக்கப்பட்டன. அடக்கம் செய்யும் வேலையும் வழக்குத் தீர்க்கும் வேலையும் குலச் சங்கங்களுக்கும் அரசாங்கத்திற்கும் போய்விட்டன. மிச்சமாக நின்றவை கடைகளில் காவல் பணம் பிரிப்பதும் சூதாட்டமும்தான். சிறு சிறு துண்டுகளாக உடைந்து அதையே பிழைப்பாக்கிக்கொண்டவர்களின் வழியில்தான் எண்களையே பெயராக வைத்துக்கொண்ட இன்றைய கும்பல்கள் வருகின்றன.

தோட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நான் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்த தோட்டத்தில் சம்பள நாளன்று அலுவலக வாசலில் மளிகைக் கடைக்காரர் பற்றுப் புத்தகத்தோடு ஒரு பக்கமும், வட்டிக்குக் கொடுத்தவர் மறுபக்கமும் நிற்பார்கள். கவரைக் கையில் வாங்கியவர் படியிறங்குவதற்குள் பாதி போய்விடும். லயத்து வீடு, தண்ணீர், ஆயாக்கொட்டகை, பள்ளி, கோயில், கள்ளுக்கடை எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்த வாழ்க்கை அது. அதைப் புகழ்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 1950-களில் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோதும், பிற்காலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பிறகு செம்பனையும் போய்த் தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்தபோதும், வேலையோடு வீடும் பள்ளியும் வழக்குத் தீர்க்க இருந்த ஆளும் சேர்ந்தே போனார்கள். உங்கள் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான். அது காப்பாற்றிய தோட்டங்களைவிடக் கைமாறிப் போன தோட்டங்களே அதிகம்.

மறுமொழி 2: ஆறாம் படிவ வரலாற்று ஆசிரியை, ஈப்போ

ஐயா சொன்ன லாருட்டை அப்படியே வைத்துக்கொண்டு சிசிலிக்குப் போகலாம், தங்கையே. அங்கே 1812-இல் நிலப்பிரபுத்துவம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நிலம் பல கைகளுக்கு மாறியது. பிரபுக்களின் சொந்தக் காவல்படைகள் கலைந்தன. 1861-இல் ஒன்றுபட்ட இத்தாலி உருவானபோது அந்தத் தீவில் சட்டத்தை நிலைநாட்டப் புதிய அரசிடம் ஆளும் இல்லை, மக்களின் நம்பிக்கையும் இல்லை. அதே காலத்தில் பலெர்மோவைச் சுற்றியிருந்த எலுமிச்சைத் தோப்புகள் ஐரோப்பாவிலேயே அதிக வருமானம் தரும் விவசாய நிலங்களுள் ஒன்றாக இருந்தன. ஓர் இரவில் வாய்க்காலை அடைத்துவிட்டாலோ காய்களைப் பறித்துக்கொண்டு போய்விட்டாலோ பல ஆண்டு உழைப்பு வீணாகிவிடும் என்பதால் தோப்புக்காரர்கள் காவலுக்கு ஆள் வைத்தார்கள். காவல் இல்லாவிட்டால் களவு நடக்கும் என்பதைக் காவல்காரர்களே அவ்வப்போது நிரூபித்தும் காட்டினார்கள். மாபியா விற்ற முதல் சரக்கு போதைப்பொருள் அன்று, பாதுகாப்பு. நம் ஊரில் செம்பனைக் குலைகள் திருடு போகாமல் 'பார்த்துக்கொள்கிறோம்' என்று லாரிக்காரர்களிடம் வந்து நிற்பவர்கள் விற்பதும் அதைத்தான்.

அரசே தடைபோட்டுக் கொழுக்க வைத்த கதைகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கு சிகாகோவின் அல் கபோனை வளர்த்தது. அவரைக் கடைசியில் 1931-இல் சிறைக்கு அனுப்பியது வருமான வரி ஏய்ப்பு வழக்கு. பம்பாயின் மதுவிலக்கில்தான் நம் தூத்துக்குடிக்காரரான வரதராஜன் முதலியார் கள்ளச்சாராயத்தில் தலையெடுத்தார். பிள்ளைகளுக்கு இவர்களைத் தெரியும் என்பதாலேயே இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். தலைவர்களின் கதை தொடங்கினால் உங்கள் பேச்சும் சினிமாவாகிவிடும்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் வேறு. 1956-இல் இத்தாலி ஒரு சட்டம் கொண்டுவந்தது. குற்றம் நிரூபிக்கப்படாத ஆனால் ஆபத்தானவர் என்று கருதப்பட்டவரைச் சொந்த ஊரிலிருந்து பிரித்து வேறோர் ஊரில் கட்டாயமாகக் குடியிருக்கச் செய்யலாம் என்பது அதன் சாரம். 1965-இல் அது மாபியா சந்தேக நபர்கள்மீதும் வெளிப்படையாக நீட்டிக்கப்பட்டது. தெற்கிலிருந்து பலர் வடக்கே சிறு நகரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தங்கள் தொடர்புகளையும் தொழிலையும் அவர்கள் கூடவே கொண்டுபோனார்கள் என்றும், வடக்கில் மாபியா வேர்விட இது ஒரு காரணம் என்றும் இத்தாலியர்களே எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் 1933 முதல் குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 'புவாங் டேரா' என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். வேறு மாவட்டத்திற்கு அனுப்பப்பட்ட இளைஞன் வேலை தேடிப் போய் நிற்கும் இடம் எதுவாக இருக்கும் என்று கூட்டத்தில் இருப்பவர்களிடமே கேளுங்கள். அந்தச் சட்டம் 2011-இல் நீக்கப்பட்டது. ஆனால் 1959-ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தை 2013-இல் திருத்தி, விசாரணையின்றித் தடுத்து வைக்கும் வழியை மீண்டும் திறந்தார்கள். இத்தாலி பிற்காலத்தில் வேறு பாதைக்குத் திரும்பியது: 1984-இல் மாபியாக்காரரான தொம்மாசோ புஷெத்தா அதிகாரிகளிடம் வாய் திறந்தார், 1986-இல் பலெர்மோவில் ஏறத்தாழ 475 பேரைத் திறந்த நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அதற்கு விலையாக 1992-இல் நீதிபதிகள் பல்கோனேயும் போர்செல்லினோவும் குண்டுவெடிப்புகளில் உயிர் கொடுத்தார்கள். விசாரணையின்றி அடைத்து வைப்பதைவிட வழக்கு நடத்துவதே கும்பலை அதிகம் பலவீனப்படுத்தும் என்பது என் கருத்து. இதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

நம் ஊர் மிகச் சிறியது, உலகக் குற்றத்தோடு நமக்கென்ன என்று யாராவது கேட்டால் சான் லூகாவைச் சொல்லுங்கள். தென் இத்தாலியின் கலாபிரியா மலையில் சில ஆயிரம் பேர் வாழும் ஊர் அது, சுங்கை சிப்புட்டைவிடச் சிறியது. அங்கிருந்த இரண்டு குடும்பங்களின் பகை 2007 ஆகஸ்டில் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரத்தில் ஓர் இத்தாலிய உணவகத்தின் வாசலில் ஆறு பேரைப் பலி வாங்கியது. பிழைக்கப் போன உறவினர்கள் வழியாகத்தான் கும்பல் பயணம் செய்கிறது.

ஒப்பீடு ஓரிடத்தில் முறிகிறது, அதை மறைக்க வேண்டாம். சிசிலி மாபியாவில் மருத்துவர், நிலக்கிழார், அரசியல்வாதி எல்லாரும் இருந்தார்கள். நம் பையன்கள் பெரும்பாலும் ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர்கள். 2013 பட்டியல் எண்ணியது உறுப்பினர்களைத்தான், இலாபம் யார் வீட்டுக்குப் போகிறது என்பதை எண்ணவில்லை. படிவம் மூன்றோடு நின்றவனும், பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்காதவனும்தான் தெருவில் முன்னால் நிறுத்தப்படுகிறார்கள், முதலில் பிடிபடுவதும் அவர்கள்தான்.

மறுமொழி 3: வங்கி முகப்பு

ஐயாவும் ஆசிரியை அக்காவும் சொன்னதோடு இன்றைய நிலைமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு தோட்டப்புற நகரத்து வங்கிக் கிளையில் வேலை செய்கிறேன். இப்போதெல்லாம் கும்பல் பாராங் கத்தியோடு வருவதைவிடக் கைப்பேசி வழியாக வருவதே அதிகம்.

எங்கள் முகப்பில் நடப்பது இப்படி. பள்ளி முடித்த பையன் ஒருவன் கணக்குத் திறக்க வருவான். எதற்கு என்று கேட்டால் சம்பளம் போட என்பான்; முதலாளி பெயரைக் கேட்டால் வெளியே நிற்கும் காரைத் திரும்பிப் பார்ப்பான். ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் சில நூறு வெள்ளிக்கு விற்றுவிட்டுப் போகும் இந்தக் கணக்குகளைத்தான் 'அக்கவுன் கெல்டாய்' (கழுதைக் கணக்கு) என்கிறார்கள். அந்தக் கணக்கில் ஓய்வூதியக்காரர் ஒருவரின் சேமிப்பு வந்து விழுந்து, சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குச் சிதறிப் போகும். கடைசியில் போலீஸ் கதவைத் தட்டுவது அந்தப் பையனின் வீட்டில்தான். 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்திக் கணக்கை இரவல் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கிவிட்டார்கள். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பது இனி எளிதில் எடுபடாது.

அந்தப் பணம் போகும் இடத்தையும் சொல்லுங்கள். கம்போடியா 2019-இல் இணையச் சூதாட்டத்திற்குத் தடை விதித்தது, அடுத்துக் கோவிட்டும் வந்தது. சிஹானூக்வில் போன்ற இடங்களில் காலியான சூதாட்டக் கட்டடங்களை மோசடிக் கும்பல்கள் எடுத்துக்கொண்டன. மியன்மாரில், தாய்லாந்து எல்லை ஆற்றை ஒட்டிய மியாவடி பக்கத்திலும் இதே கதைதான். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் மோசடி வேலையில் கட்டாயப்படுத்தப்படக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. நல்ல சம்பளம், இலவச விமானச் சீட்டு என்று நம்பிப் போய் அங்கே சிக்கியவர்களில் மலேசியர்களும் உண்டு. லாருட்டில் கப்பல் கட்டணக் கடனைச் சொல்லிக் கூலியைப் பிடித்து வைத்ததாக ஐயா எழுதினாரே, இங்கே விமானச் சீட்டுக் கடனைச் சொல்லிப் பிடித்து வைக்கிறார்கள்.

சிப்புட் வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். கும்பல்களின் எண்களையும் சின்னங்களையும் திரையில் காட்டி விளக்கலாமா? மாணவர்களுக்கு அது பிடிக்கும் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள்.

மறுமொழி 4: பழைய கிராணி, தைப்பிங்

காட்ட வேண்டாம் அம்மா. இறந்துபோன பையனின் ஊர்வலத்தில் ஒரே நிறச் சட்டையில் முதுகில் எண்ணைப் போட்டுக்கொண்டு கூட்டாளிகள் வருவதை நாம் பார்த்திருக்கிறோம். தைப்பூசத்தில் காவடியிலும் கொடியிலும் அந்த எண்களைக் கொண்டுவரக் கூடாது என்று போலீஸ் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அந்த எண் அவர்களுக்கு விளம்பரம், அதை நம் கோயில் மண்டபத்தில் இலவசமாகப் போட்டுக்கொடுப்பானேன்? திரையில் பங்கோர்ப் பத்திரம், பலெர்மோ நீதிமன்றம், மியாவடி வரைபடம் ஆகிய மூன்றும் போதும். கடைசிப் பத்து நிமிடத்தை வங்கித் தம்பி சொன்னதற்கு ஒதுக்குங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணுக்கு அழைத்தால் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு என்பதைப் பெற்றோர் குறித்துக்கொள்ளும்படி மெதுவாக இரண்டு முறை சொல்லுங்கள்.