எண்ணெய் சூடேறியதும் அமுக்கம் இறங்குகிறது: பம்பியை மாற்றத்தான் வேண்டுமா?

கல் அரிபவர், கோப்பாய்:
வணக்கம். எங்களிடம் சீமெந்துக் கல் அரியும் (அச்சில் அழுத்தி வார்க்கும்) ஹைட்ரோலிக் இயந்திரம் ஒன்று உள்ளது. காலையில் அமுக்கமானி 140 பார் காட்டுகிறது. எண்ணெய் சூடேறிய பின் 90 பாருக்கு மேல் ஏறுவதில்லை, கற்களும் ஓரம் உதிர்கின்றன. எண்ணெய் மட்டம் சரி. வெளிக்கசிவோ பம்பியில் புதுச் சத்தமோ இல்லை. வந்து பார்த்தவர் பம்பி தேய்ந்துவிட்டது என்கிறார். கொழும்பிலிருந்து புதியதை எடுப்பிப்பதற்கு முன் எவற்றைச் சோதிக்கலாம்?

இயந்திரவியல் ஆசிரியர், கொக்குவில்:
பம்பி தருவது எண்ணெயோட்டத்தை மட்டுமே. அந்த ஓட்டம் தடுக்கப்படும்போதுதான் அமுக்கம் எழுகிறது. ஆகவே அமுக்கம் விழுந்தால், எண்ணெய் எங்கோ வேலை செய்யாமலே தாங்கிக்குத் திரும்புகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சூடேறினால் எண்ணெயின் பிசுக்குமை குறைவதால், காலையில் தடித்த எண்ணெய் அடைத்து வைத்திருந்த தேய்வு இடைவெளி மத்தியானத்தில் வழிவிடுகிறது. உங்களுடையது உட்கசிவு என்றே நினைக்கிறேன். உறிஞ்சு பில்டர் அடைபட்டிருந்தால் பம்பி இரைந்திருக்கும், காற்று புகுந்திருந்தால் எண்ணெய் நுரைத்திருக்கும். 46 தர எண்ணெய்க்குப் பதிலாக அதைவிடத் தடித்த 68 தரத்தை ஊற்றச் சிலர் சொல்வார்கள். அதனால் தேய்வு மறையுமே தவிரக் குறையாது.

ஹைட்ரோலிக் திருத்துநர், சுன்னாகம்:
ஆசிரியர் ஐயா சொன்னது சரி, ஆனால் கசிவு எந்த உறுப்பில் என்று பிரித்தறியாமல் எதையும் வாங்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, அமுக்கத்தை முற்றாக விடுவித்து, றிலீஃப் வால்வைத் (அமுக்கம் மிஞ்சினால் எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்பிவிடும் வால்வு) தாண்டி கட்டுப்பாட்டு வால்வுக்குப் (எண்ணெயை உருளையின் எந்தப் பக்கத்துக்கு விடுவது என்று மாற்றும் வால்வு) போகும் குழாயை அந்த அமுக்கத்தைத் தாங்கும் அடைப்பானால் மூடுங்கள். றிலீஃப் வால்வுக்கு முன்னால் மட்டும் ஒருபோதும் அடைக்க வேண்டாம், பம்பியோ குழாயோ வெடிக்கும். எண்ணெய் சூடாக இருக்கும்போதே சில விநாடிகள் ஓட்டி மானியைப் பாருங்கள். 90 பாரிலேயே நின்றால் பம்பி அல்லது றிலீஃப் வால்வு. வால்வின் இருக்கையில் ஒரு துகள் சிக்கினாலும் இப்படித்தான் காட்டும், அதைக் கழற்றிக் கழுவுவதற்குச் செலவே இல்லை. 140க்கு ஏறினால் கசிவு அதற்கு அப்பால் இருக்கிறது.

கல் அரிபவர், கோப்பாய்:
மிக்க நன்றி. அடைத்துப் பார்த்தோம், சூடான எண்ணெயிலும் 140 பார் வந்தது.

ஹைட்ரோலிக் திருத்துநர், சுன்னாகம்:
அப்படியானால் பம்பியைக் குறைசொல்ல அவசரப்பட வேண்டாம். அது முழு ஓட்டத்தையும் தருகிறது என்பதற்கு இந்தச் சோதனை சான்றாகாது. ஆனால் சுமையில்லாமல் தண்டு இறங்கும் நேரம் காலையிலும் மத்தியானத்திலும் ஒன்றாக இருந்தால் அந்தச் சந்தேகமும் ஓரளவு குறையும். அடுத்து, தண்டை இயக்கும் உருளை. தண்டை அதன் எல்லைவரை கீழே நீட்டி, நிறுத்தி, அமுக்கத்தை விடுவித்த பின் தண்டுப் பக்க ஹோஸைக் கழற்றி அந்த ஹோஸின் வாயை அடையுங்கள், உருளையின் துளையைத் திறந்தே விடுங்கள். பிறகு தண்டை நீட்டும் பக்கத்துக்கு மட்டும் அமுக்கம் கொடுத்தால், திறந்த துளையிலிருந்து எண்ணெய் விடாமல் வரும்போது முசல சீல் (உருளைக்குள் தண்டோடு நகரும் முசலத்தைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம்) போய்விட்டது என்று அறியலாம்; வராவிட்டால் கட்டுப்பாட்டு வால்வின் தேய்வைத்தான் பார்க்க வேண்டும். 100 பார் அமுக்கம் வேலையின்றி இழக்கப்பட்டால் எண்ணெய் ஏறத்தாழ 6 பாகை சூடேறும் என்பதால், தொடாமல் வெப்பம் அளக்கும் மானி இருந்தால் அதுவும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். துளைக்கு நேரே எவரும் நிற்கக் கூடாது. ஊசித்துளைக் கசிவைக் கையால் தேடுவதும் கூடாது, அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இயந்திரவியல் ஆசிரியர், கொக்குவில்:
சீல் மாற்றும்போது உருளையின் உட்சுவரில் கீறல் இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள். கீறல் இருந்தால் புதிய சீலும் நாளடைவில் அதே கதிக்கு வரும்.