உரியாத, மின்னாத காக்காப்பொன்: பினைட் கல்லை நம் பக்கத்தில் கண்டவர்கள் எழுதுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து, நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்:

அப்பிரகம் என்றவுடன் நம் ஊர்க்காரர்கள் நினைப்பது ஏடு ஏடாக உரிந்து வெயிலில் மினுமினுக்கும் காக்காப்பொன்னைத்தான். ஆந்திரத்தின் கூடூரிலும் ஜார்க்கண்டின் கோடர்மாவிலும் சுரங்கம் போட்டு எடுத்ததும் அந்த ஏட்டு அப்பிரகமே. ஆனால் மஸ்கோவைட் எனப்படும் அதே அப்பிரகக் கனிமம், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய செதில்களாக ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னிக்கொண்டு, உரிக்கவே முடியாத கெட்டிக் கல்லாகவும் இருக்கும். சாம்பல் கலந்த பச்சை நிறமும் மெழுகு பூசியது போன்ற மங்கிய மினுக்கமும் கொண்ட அந்தக் கல்லுக்குப் பினைட் என்று பெயர். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஷ்னேபெர்க் அருகேயுள்ள பினி சுரங்கத்தில் கிடைத்ததால் அப்பெயர் வந்தது. பார்வைக்கு எளிய கல் என்பதால் சேகரிப்போர்கூட இதைக் கடந்து போய்விடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குப் போகும் வழியில், சாலையை அகலப்படுத்துவதற்காகப் பாறையை வெட்டிப் போட்டிருந்த ஓரிடத்தில்தான் இதை நன்றாகப் பார்த்தேன். வெள்ளைப் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி வரும் நைஸ் பாறை அது. அதில் நம் கடற்கரை மணலில் கிடைக்கும் அதே சிவப்புக் கார்னெட் மணிகளும், அவற்றையொட்டி ஊதா சாயல் கொண்ட கார்டியரைட் என்னும் கனிமத்தின் மணிகளும் இருந்தன. ஒரு மணியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, நடுப்பகுதி கண்ணாடியைப் போலத் தெளிந்த நீலமாகவும், அதன் ஊடே ஓடிய விரிசல்கள் எல்லாம் பச்சைக் கோடுகளாகவும், வெளி விளிம்பு முழுவதும் ஒளியற்ற பச்சைச் சாம்பலாகவும் இருந்தன. பேனாக்கத்தியால் நடுவில் கீறினேன். கத்தி வழுக்கியதே தவிரக் கீறல் விழவில்லை. விளிம்பில் கீறியதும் வெளிறிய பொடி உதிர்ந்தது. ஒரே மணிக்குள், கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவில் ஏழுக்கு மேற்பட்ட கார்டியரைட்டும் மூன்றை ஒட்டிய பினைட்டும் அடுத்தடுத்து நின்றன.

கார்டியரைட் என்பது மக்னீசியமும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்த சிலிக்கேட். அதில் பொட்டாசியம் கிடையாது. மஸ்கோவைட்டுக்கோ பொட்டாசியமும் நீரும் இன்றியமையாதவை. ஆகவே, பாறை உருவாகிச் சூடு தணிந்துவரும் காலத்தில், அருகிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்திலிருந்து பொட்டாசியத்தைக் கரைத்துக்கொண்டு வரும் நீர், விரிசல் வழியாகக் கார்டியரைட்டுக்குள் புகுந்து அதைச் சிறிது சிறிதாக அப்பிரகமாக மாற்றுகிறது. வெளியேறும் மக்னீசியமும் இரும்பும் குளோரைட் என்னும் பச்சைக் கனிமமாக அங்கேயே தங்குவதால்தான் பச்சை நிறம். பொருள் மாறினாலும் வடிவம் மாறுவதில்லை. இப்படி ஒரு கனிமம் மற்றொன்றின் உருவத்தில் அமைவதைப் பொய்யுருவம் என்கிறோம்.

நம் பக்கத்துப் பாறைகளுக்கு இது மிக முக்கியமான செய்தி. அச்சன்கோவிலிலிருந்து தென்கிழக்காகச் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் வரும் பாறைப் பிளவு மண்டலம், மதுரைப் பாறைத்தொகுதியையும் திருவனந்தபுரத்துப் பாறைத்தொகுதியையும் பிரிக்கும் எல்லை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் கடும் சூட்டில் வெந்த இப்பாறைகளில் நீர் மிகக் குறைவு. அப்படிப்பட்ட பாறையில் ஒரு பச்சை விளிம்பைக் கண்டால், சூடு தணிந்துவந்த காலத்தில் நீர் அங்கே வந்து போனது என்று உறுதியாகச் சொல்லலாம். நீலக் கார்டியரைட்டை மாதிரியாக எடுத்துக்கொண்டு பச்சையை 'கெட்டுப்போன பகுதி' என்று தட்டி எறிவது, நீரின் வரலாற்றையே எறிவதாகும்.

நண்பர்கள் எங்கே பார்த்தீர்கள், எந்தப் பாறையில் பார்த்தீர்கள் என்று எழுதினால் மகிழ்வேன்.

கடையநல்லூரிலிருந்து, கிணறு வெட்டும் தொழில் செய்பவர்:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த பின் எங்கள் கிணற்று மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மேலே சரள், அதன் கீழே வெடி வைத்தால்தான் பெயரும் கெட்டிப் பாறை. அந்தப் பாறையில் சிவப்பு மணிகளுக்கு நடுவே நீங்கள் சொன்ன பச்சைச் சாம்பல் திட்டுகள் உள்ளன. எங்கள் ஆட்கள் இதை மாக்கல் கலந்த பாறை என்பார்கள். நீர் கசியும் விரிசலை ஒட்டிய கல்லில்தான் இத்திட்டுகள் மிகுதி என்பது எங்கள் அனுபவம். கிணற்றின் மறுபக்கத்தில் விரிசல் இல்லாத இடத்துக் கல்லில் அவ்வளவாக இல்லை. இன்று ஊறும் தண்ணீர்தான் இந்த மாற்றத்தைச் செய்ததா? மாக்கல்லுக்கும் இதற்கும் வேறுபாடு எப்படிக் காண்பது? இரண்டையும் விளக்கினால் தொழிலுக்கும் உதவும்.

வள்ளியூரைச் சேர்ந்தவர், ஜப்பானில் பணியாற்றியவர்:

கியோட்டோ மாவட்டத்தின் கமேயோகா நகரில் 'சகுரா இஷி' என்னும் கல்லைப் பார்த்திருக்கிறேன். செர்ரிப்பூக் கல் என்று பொருள். கருமையான பாறையிலிருந்து பெயர்ந்த ஆறுபட்டைத் தூண் போன்ற சிறு கற்கள். குறுக்கே உடைந்த முகத்தில் ஆறிதழ்ப் பூ ஒன்று வெளிறித் தெரிகிறது. விரல் நகத்தைவிடச் சிறியவை. அங்கே ஒரு கோவில் வளாகத்தில் இவை காணப்படுகின்றன. 1922-ஆம் ஆண்டு இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதால் யாரும் எடுக்க முடியாது. இதுவும் கார்டியரைட் அப்பிரகமாக மாறியதே என்று அங்கிருந்த விளக்கப் பலகையில் படித்தேன். அங்கே சட்டம் போட்டுக் காக்கும் பொருள், எங்கள் வள்ளியூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளில் ஜல்லியோடு ஜல்லியாக அரைபட்டிருக்கக்கூடும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து மீண்டும்:

கடையநல்லூர் அண்ணாச்சிக்கு முதலில் விடை சொல்கிறேன். இன்று உங்கள் கிணற்றில் ஊறும் குளிர்ந்த நீர் இந்த வேலையைச் செய்யவில்லை. பினைட் ஆவதற்குச் சூடான நீர் வேண்டும். அது பாறை ஆழத்தில் இருந்தபோதே நடந்து முடிந்தது. பழைய பலவீனக் கோடுகளிலேயே பிற்கால விரிசல்களும் பிறப்பது உண்டு. அன்று சூடான நீர் சென்ற வழியிலேயே இன்று ஊற்று வருவது அதனால் இருக்கலாம். உங்கள் கவனிப்பு அருமையானது. திட்டுகள் எந்தத் திசை விரிசலில் மிகுதி என்றும் குறித்து வையுங்கள்.

மாக்கல்லை நகத்தால் கீறினாலே கோடு விழும், தொட்டால் சோப்பு போல வழுக்கும். பினைட்டில் நகம் எளிதில் ஏறாது, கத்தி தாராளமாக ஏறும்; வழுவழுப்பும் குறைவு. தாழையூத்துப் பக்கத்துப் பச்சை கலந்த சுண்ணாம்புப் பாறையோடும் சிலர் இதைக் குழப்புவார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக் கல் பொங்கும், பினைட் பொங்காது. இன்னும் ஐயமிருந்தால் பாறையை மெல்லிய சீவலாக்கி கனிமங்களைப் பிரித்தறிய உதவும் முனைவாக்க (polarising) நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கார்டியரைட் பார்வைக்குக் குவார்ட்ஸ் போலவே இருப்பதால் மாணவர்கள் இரண்டையும் பிரித்தறியத் திணறுவார்கள். அப்போது விரிசல்களில் மஞ்சள் பச்சையாகப் படர்ந்திருக்கும் பினைட்டே கார்டியரைட்டைக் காட்டிக் கொடுக்கும். நான் இக்கல்லை மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வள்ளியூர் நண்பர் சொன்ன ஜப்பானியக் கல்லின் ஆறிதழ் அமைப்பில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கார்டியரைட்டின் அறுகோண வகையான இண்டியலைட், ஜார்க்கண்டின் பொகாரோ நிலக்கரிப் பகுதியில் எரிந்த படிவுகளிலிருந்து 1954-இல் விவரிக்கப்பட்டு, நம் நாட்டின் பெயரைப் பெற்றது. அந்தச் செர்ரிப்பூக் கற்கள் தொடக்கத்தில் இண்டியலைட்டும் கார்டியரைட்டும் கூடி வளர்ந்த படிகங்களாக இருந்தவை. நம் பக்கத்து நைஸ் பாறையில் அத்தகைய ஒழுங்கான பூவை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே மணிகள் அழுத்தத்தில் நசுங்கி வளர்ந்தவை, பெரும்பாலும் உருவமற்றவை. கார்டியரைட் மட்டும் இப்படி மாறுவதில்லை: அயர்லாந்தின் கில்லினியில் ஸ்பொடுமீன் என்னும் கனிமமும், கிரீன்லாந்தில் நெஃபெலின் என்னும் கனிமமும் இதே போன்ற கெட்டி அப்பிரகமாக மாறியிருக்கின்றன.

தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று. மலைக்குள் இருப்பது காப்புக்காடு. அங்கே கல் எடுக்கக் கூடாது. கிணற்று மேடும் சாலை வெட்டும் போதும். பச்சைத் திட்டை மட்டும் பெயர்த்து எடுக்காமல், கார்னெட்டும் மிச்சமுள்ள நீலமும் சேர்ந்த துண்டாக, உள்ளங்கை அளவில் எடுத்து, எடுத்த இடத்தையும் ஆழத்தையும் தாளில் எழுதிக் கல்லோடு கட்டி வையுங்கள்.