காற்று வழியில் கூடுதல் கருவி மாட்டியவர்கள்: வண்டியின் இழுவை உண்மையிலேயே கூடியதா?

மலைச்சாலை:
டர்போ டீசல் கார், இரண்டாம் கையாக வாங்கியது. டர்போ என்பது புகையின் வேகத்தால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் அந்தச் சுழல் வளையத்தை முந்தைய உரிமையாளர் செருகி வைத்திருந்தார். வளைந்த தகர இதழ்கள் கொண்டது, உங்களுக்கே தெரியும். காற்றைச் சுழற்றி அனுப்புமாம், பிக்கப் கூடுமாம்.

ஏற்றம் ஒன்றில் திடீரென்று இழுவை போய், கீச்சென்று ஒரு சத்தம் எழுந்தது. பட்டறையில் மெக்கானிக் குழாயைக் கழற்றி வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓர் இதழைக் காணவில்லை. அடியோடு ஒடிந்திருந்தது. டார்ச்சை டர்போவின் வாய்க்குள் அடித்துக் காட்டினார். காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தின் விளிம்பு முழுவதும் எலி கடித்த புத்தகம் போல இருந்தது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் சக்கரம் அது. தகரத் துண்டு உள்ளே போனால் என்ன மிஞ்சும்?

அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது: "இங்கே சுழற்றிவிட்ட காற்று டர்போவைத் தாண்டி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி, வால்வு வரைக்கும் அதே சுழற்சியோடு போகும் என்று யார் சொன்னது?" இந்த வளையத்தால் பலன் கண்டவர்கள் இருந்தால், எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். "தெரிகிறது" என்பது போதாது.

தாரணி:
எங்கள் வீட்டுப் பெட்ரோல் காரில் கூம்பு ஃபில்டர் மாட்டியது அத்தான். காரோடு வந்த தொழிற்சாலை ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே திறந்தபடி நிறுத்திவிட்டார். சத்தம் கம்பீரமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

நான் ஸ்கேனரைச் செருகி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைத் திரையில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். வெளியே 34 டிகிரி. நெரிசலில் எண் 45, 52, 60 என்று ஏறிக்கொண்டே போனது. சிக்னலில் நின்றபோது 67. பச்சை விழுந்ததும் மிதித்தேன்; வண்டி சோம்பலாக நகர்ந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த அத்தான், "கேட்கிறதா, என்ன உறுமல்!" என்றார். நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

10 டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும். 34-க்கும் 67-க்கும் இடையில் கிட்டத்தட்ட 10 விழுக்காடு போய்விடுகிறது. பழைய பெட்டியின் மூக்கு கிரில்லுக்குப் பின்னால், வெளிக்காற்று படும் இடத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டு பானெட்டுக்குள் வெந்த காற்றைக் கொடுத்தால் சக்தி எங்கிருந்து வரும்?

கார்பரேட்டர் காலம்:
தாரணி, உங்கள் அளவீட்டை மதிக்கிறேன், ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. நின்றிருக்கும் வண்டியில் சென்சாரின் உடம்பே சூடேறிவிடும். அந்த 67-இல் காற்றின் சூடு எவ்வளவு, சென்சாரின் சூடு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஓடத் தொடங்கிய பிறகு எண் எங்கே போய் நின்றது? அதை எழுதவே இல்லையே. வெப்பத் தடுப்புத் தகடு இருந்ததா?

எங்கள் அப்பாவின் பழைய காரில், காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுப்பது கார்பரேட்டர். அதில் பெரிய ஃபில்டர் மாட்டினோம். முதலில் நடுவேகத்தில் வண்டி திணறியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை" என்று சொல்லி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு படி பெரியதாக மாற்றினார். அதன் பிறகு உயர் சுற்றில் அந்த வண்டி ஓடிய ஓட்டத்தை நான் மறக்கவில்லை. பெட்ரோல் இன்ஜினில் எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது அடிப்படை விகிதம். முழுச் சக்திக்குப் பெட்ரோல் இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும். அதனால் எல்லாக் கருவியும் ஏமாற்று என்று ஒரே கோட்டில் அடித்துவிடாதீர்கள். மூச்சடைக்கும் இடம் உண்மையில் இருந்து, அதை நீக்கி, எரிபொருளையும் சரிசெய்தால் பலன் உண்டு.

எண்ணெய்க்கை:
மின்சார 'சூப்பர்சார்ஜர்' பற்றி, அதாவது காற்றை உள்ளே தள்ளும் என்று சொல்லிக் காற்று வழியில் மாட்டும் மின்விசிறி பற்றி, யாரும் சொல்லவில்லையே. சித்தப்பா மகன் காரில் இருந்தது. முழு மிதியில் ஏறிக்கொண்டிருக்கும்போது அவனுக்குத் தெரியாமல் அதன் ஃபியூஸை உருவி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஏற்றத்தின் உச்சி வரை, "பார், எப்படி இழுக்கிறது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். என் கதை அவ்வளவுதான்.

கணக்கைக் கேளுங்கள். 1.5 லிட்டர் இன்ஜின் 6000 சுற்றில், சிலிண்டர் முழுதாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 4500 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதற்கு 0.3 பார் அழுத்தம் ஏற்ற (வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1 பார்), எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் 2 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 190 ஆம்பியர். என் மடியில் இருந்தது 10 ஆம்பியர் ஃபியூஸ். அதன் வழியே 120 வாட்தான் போகும். அந்த விசிறி முழு மிதியில் உதவாது என்பது மட்டுமல்ல, வழியையும் மறிக்கும். 2016-இல் ஆடி எஸ்க்யூ7 காரில் மின்சாரக் கம்ப்ரசர் வந்தது உண்மை. ஆனால் அதற்கென்றே 48 வோல்ட் அமைப்பு வைத்து 7 கிலோவாட் வரை கொடுத்தார்கள்.

பானெட்டில் காற்றுவாய் வெட்ட நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன்: 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்றை முழுதாகப் பிடித்தாலும் கிடைக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை விழுக்காடுகூட இல்லை. மைலேஜுக்காக மாட்டுபவர்கள் இதையும் யோசியுங்கள்: சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் வண்டியின் த்ராட்டில், அதாவது காற்று வழியில் இருக்கும் கதவு, பாதிகூடத் திறந்திருக்காது. காற்றை வேண்டுமென்றே தடுப்பதே அதன் வேலை. அதற்கு முன்னால் வழியை அகலமாக்கினால், அதே வேகத்துக்கு நீங்கள் மிதியைச் சற்றுக் குறைத்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

முதலில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றுங்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் இதனால் மைலேஜ் கூடவில்லை, ஆனால் வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 விழுக்காடு வரை மேம்பட்டது. ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் பூசும் வகை ஃபில்டரில் அளவுக்கு மீறிப் பூசாதீர்கள். அது காற்றளவு சென்சாரின் கம்பியில் படிந்தால் கணக்கே தப்பிவிடும்.

ஆற்றங்கரை:
குளிர்ந்த காற்று வேண்டும் என்று குழாயைக் கீழே இறக்குபவர்கள் இதையும் படிக்கட்டும். நண்பரின் காரில் ஃபில்டர் முன் பம்பருக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில் இருந்தது. சுரங்கப்பாதையில் பாதிச் சக்கரம் அளவுக்குத் தண்ணீர். 'டொக்' என்று ஒரே அடி, இன்ஜின் நின்றுவிட்டது. பிளக்குகளைக் கழற்றிச் சுற்றியபோது ஓட்டையிலிருந்து தண்ணீர் பானெட் உயரத்துக்குப் பீய்ச்சியது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது; பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. பக்கத்தில் வந்த அதே மாடல் கார், தொழிற்சாலைப் பெட்டியோடு, அதே தண்ணீரைக் கடந்து போனது.

தாரணி:
கார்பரேட்டர் காலம் ஐயா, தகடு இருந்தது. ஆனால் மேலே திறந்த தகடு. ஓடத் தொடங்கியதும் எண் இறங்கியது, நெடுஞ்சாலையில் 42-இல் நின்றது. பழைய பெட்டியை மாட்டி அதே சாலையில் பார்த்தபோது 37. வித்தியாசம் நான் நினைத்ததைவிடக் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வண்டி பெரும்பாலும் ஓடுவது நெரிசலில்தானே? அத்தான் இன்னும் மசியவில்லை. வண்டியின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்கிறார்.

கார்பரேட்டர் காலம்:
நல்ல யோசனை, அம்மா. பானெட்டை மூடி ஓட்டச் சொல்லுங்கள். திறந்து வைத்து எதிரே பெரிய விசிறியைப் போட்டால், கூம்புக்குச் சாலையில் கிடைக்காத குளிர்காற்று அங்கே கிடைத்துவிடும். முதலில் பழைய பெட்டி, அடுத்து கூம்பு, மறுபடியும் பழைய பெட்டி. ஒவ்வொரு முறையும் கூலன்ட் சூடு ஒரே அளவுக்கு வந்த பிறகு தொடங்குங்கள். உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல் 2000 சுற்றிலிருந்து முழு வரைபடத்தையும் வாங்கி வாருங்கள். நெரிசலில் உங்களுக்கு வேண்டிய பதில் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும்.